உரிமைக்குப் பாதகமின்றி

தெருவில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘செக்ஷன்’ என்றால் பால்காரர் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் ஊரார் நிலத்துக்கெல்லாம் நாலு பக்க எல்லையும் எழுதிய கை என்பதால், சட்டம் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் காலையில் கண் விழிக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. நாய் குரைத்தால்கூட அது பொதுத் தொல்லையா, தனியார் தொல்லையா என்று பிரித்து விளக்குவார். நாய் உட்கார்ந்து கேட்கும். தெருவில் அவர் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான் என்று அவர் மனைவி சொல்வாள்.

அவள் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாரோ ஒருவரை யாரோ ஒருவரோடு இணைத்துவிடுவதே வேலை. ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலையைத் தெருவில் தொடர்ந்தாள். சாயங்காலம் வாசல் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், தக்காளி வண்டிக்காரரின் மகள் கல்யாணம் எதனால் தள்ளிப்போகிறது, மாடி வீட்டுக்காரர் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அங்கே இணைப்பாகும், அங்கேயே துண்டிப்பும் ஆகும். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகும் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. “பாதி உடம்புதான் ரிட்டயர் ஆயிருக்கு, பேச்சு இன்னும் சர்வீஸ்ல இருக்கு” என்று பார்க்க வந்தவர்களை அவளே சிரிக்க வைத்து அனுப்பினாள்.

அந்த வீட்டின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். வழக்கே அதில்தான் இருக்கிறது. முன்கட்டு உயரமான அடித்தளத்தில் நிற்கிறது. பின்னால் தாழ்வாக, தோட்டத்து மட்டத்தில், பிறகு சேர்த்துக் கட்டிய ஓர் அறையும் குளியலறையும். சக்கர நாற்காலிக்கு வசதியான இடம் அதுதான். அங்கிருந்து முன்கட்டுக்குப் போக வேண்டுமென்றால் செங்குத்தான படி, அதன் மேல் சமையலறையின் குறுகல், அதில் ஒரு திருப்பம். நாற்காலி ஏறாது. ஆனால் வீட்டின் பக்கவாட்டில், மதில் வரை, சிமென்ட் பூசிய நடை ஒன்று இருந்தது. சாயங்காலமானால் செக்ஷன் அந்த நடையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவார். சக்கரம் சிமென்டில் கடகடக்கும் சத்தம் கேட்டுத் தக்காளிக்காரர் வண்டியை நிறுத்துவார். அவளுடைய நாளில் மிச்சமிருந்த வெளிச்சம் அவ்வளவுதான். அதற்காகவே மத்தியானத்திலிருந்து தலைவாரிக்கொண்டு காத்திருப்பாள். வாரிவிடுவதும் அவர்தான். வகிடு கோணினால் மறுபடி வாரச் சொல்வாள். அவரும் வாருவார்.

பக்கத்து மனையை ஒரு டைல்ஸ் கடைக்காரர் வாங்கினார். பழைய வீட்டை மதிலோடு இடித்துவிட்டு இரண்டு மாடி போட ஆரம்பித்தார். வாசல் தூண்களில் இரண்டு சிங்கங்கள் வைத்தார். ஒரு சிங்கத்துக்குச் சளி பிடித்த முகம். அந்தச் சிங்கங்களுக்கு ஏற்ற அகலம் மனையில் இல்லை என்று வீடு எழும்பும்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. காருக்கு வழி வேண்டும், மாடிப்படிக்கு இடம் வேண்டும். புது மதிலுக்குக் கடைக்கால் தோண்டியபோது, கயிறு மெல்ல நகர்ந்து செக்ஷன் வீட்டு நடைக்குள் வந்து உட்கார்ந்தது. மேஸ்திரியைக் கேட்டால் ஓனர் சொன்னார் என்றான். ஓனரைக் கேட்டால் மேஸ்திரிதான் அளந்தான் என்றார்.

செக்ஷன் பதறவில்லை. அவர் முகத்தில் ஒரு மலர்ச்சிகூட வந்ததாக மனைவி பிற்பாடு மகளிடம் சொன்னாள். இத்தனை வருஷம் அடுத்தவர் சண்டைக்கு எழுதிய மனிதருக்குச் சொந்தமாக ஒரு சண்டை கிடைத்திருக்கிறது. அன்று மாலையே பால்காரரை நிறுத்தி வைத்து, ஆக்கிரமிப்புக்கு எதிராக ஒருவனுக்கு என்னென்ன பரிகாரங்கள் உண்டு என்று விளக்கினார். முதலில் வக்கீல் அறிவிப்பு. பிறகு அரசு அளவையரை வைத்து அளப்பது. கட்டுகிற கையை நிறுத்த இடைக்காலத் தடை. கட்டிவிட்டால் இடித்துத் தரச் சொல்லும் கட்டளை. பால் திரியும் வரை விளக்கம் நடந்தது.

அறிவிப்பைத் தாமே எழுதுவதென்று முடிவு செய்தார். வக்கீல் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். முதல் வரைவில் ‘அத்துமீறி’ என்று எழுதினார். அது போதாதென்று ‘சட்டவிரோதமாகவும் உள்நோக்கத்துடனும் அத்துமீறி’ என்று திருத்தினார். ஒரு வாக்கியம் பக்கத்தை விட்டு அடுத்த பக்கத்துக்குப் போய், அங்கேயும் முடிய மனமில்லாமல் மூன்றாவது பக்கத்தில் மூச்சு விட்டது. அவர் நகல் எடுக்க எடுக்க, பக்கத்தில் செங்கல் ஏறிக்கொண்டிருந்தது.

“உங்க நோட்டீஸ் முடியறதுக்குள்ள அவங்க சுவர் முடிஞ்சிடும்போல இருக்கே” என்றாள் அவள். “ஒரு எட்டு போய் நேர்ல சொல்லிட்டு வாங்களேன்.”

நேரில் பேசுவது வழக்கைப் பலவீனமாக்கும் என்று அவர் சொன்னார். நோட்டீஸ் போய்ச் சேர்ந்தபோது மதிலுக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. தடை கேட்டு நீதிமன்றம் போனபோது, தடுப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடையின் பாதியில், மாடிப்படிக்காக மதில் இன்னும் கொஞ்சம் உள்ளே புடைத்திருந்த இடத்தில், இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டன. நாற்காலி முன்னால் போகவில்லை. அவள் வலது கையை நீட்டிப் புது மதிலைத் தடவிப் பார்த்தாள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. “பின்னாடி இழுங்க” என்று மட்டும் சொன்னாள். தெருவில் தக்காளிக்காரர் சத்தம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறப் பார்த்தார். அவர் இடுப்பும் வயசும் ஒத்துழைக்கவில்லை. இருவரும் சமையலறைக் குறுகலில் சரிந்து விழுந்தார்கள். அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரையும் தூக்க விடவில்லை, தெருப் பையன்களைக் கூப்பிடவும் விடவில்லை. மூட்டை மாதிரி போய் இறங்குவதைவிட இங்கேயே இருக்கிறேன் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தபோது ஊழியர்கள் போர்வையில் வைத்துத் தூக்கினார்கள். வண்டியில் ஏற்றுகிற வரையிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். போனில் அழுதாள். அம்மாவைத் தன்னோடு அனுப்பச் சொன்னாள். எதிராளி சுவர் கட்டியதும் வாதி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால் நீதிமன்றம் என்ன நினைக்கும் என்று அப்பா கேட்டார். அம்மா பக்கத்திலிருந்து, “நீ கவலைப்படாதே, உங்கப்பா என்னை வாதிக்குச் சாட்சியா வச்சிருக்கார்” என்றாள்.

இந்த இடத்தில் டைல்ஸ்காரரைப் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மனிதர் இடத்தைத் தின்றவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் வீட்டுக்காரம்மா அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து பின்னறை ஜன்னல் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகிறவள். நாற்காலி மாட்டிக்கொண்ட கதை அவள் காதுக்குப் போனது. வீட்டுக்குள் என்ன நடந்ததோ, அதே வாரத்தில் மேஸ்திரி வந்து, மதிலில் பின்னறைக்கு நேராக ஒரு வழி வெட்டி, சின்னதாக ஒரு இரும்பு கேட் வைத்தான். சுவரைப் பின்னால் தள்ளும் அளவுக்கு டைல்ஸ்காரருக்கு மனசு வரவில்லை. மாடிப்படி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. ஆனால் கேட் வரை வந்தது.

அவரே நேரில் வந்தும் சொன்னார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கோர்ட் விஷயம் கோர்ட்ல நடக்கட்டும் சார். அக்காவை எங்க பக்கமா கூட்டிட்டுப் போங்க. நம்ம வழி அகலம். காரை வேணா வெளியில நிறுத்திக்கறேன்.”

செக்ஷன் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. நம்ம வழி.

மறுநாள் அந்தக் கேட்டைப் படம் எடுத்தார். தன் பக்கத்தில் ஒரு பெரிய பூட்டைப் போட்டுப் பூட்டினார். மதில் முதல் ஆக்கிரமிப்பு, மதிலில் கேட் இரண்டாவது ஆக்கிரமிப்பு என்று இன்னொரு அறிவிப்பும் அனுப்பினார். மனைவி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, திறந்துதானே கொடுத்திருக்காங்க?”

“அதுதான் சூழ்ச்சி. அவன் அனுமதியில ஒரு தடவை போனாலும் போச்சு. அந்த இடம் அவனோடதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு கூண்டுல நிக்க வச்சு முதல் கேள்வியே அதுதான் கேப்பான்.”

“நான் ஒண்ணையும் ஒத்துக்கலைங்க. போயிட்டு மட்டும் வர்றேன்.”

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நம்முடைய வழியில், நம்முடைய உரிமையில், நானே உன்னைத் தள்ளிக்கொண்டு போகிறேன், தீர்ப்பு வரட்டும் என்றார். அதை அவர் அழகுக்காகச் சொல்லவில்லை. அப்படி ஒரு சாயங்காலம் வரும் என்று மனப்பூர்வமாக நம்பினார். அவளைக் குளிப்பாட்டுகிற கை, உணவு ஊட்டுகிற கை, வகிடு எடுக்கிற கை எல்லாம் அந்தச் சாயங்காலத்துக்காகத்தான் ஓய்வில்லாமல் வேலை செய்தன. கேட்டைத் திறக்க மட்டும் அந்தக் கை போகவில்லை.

ஆனால் அவள் கேட்பதை நிறுத்தவில்லை. தினம் ஒரு தடவை, கிண்டலாகவாவது, “சாவி சௌக்கியமா இருக்கா?” என்பாள். வீட்டில் சாவி இருந்தால் ஒரு நாள் மனசு தவறிவிடும் என்று அவருக்கே பயம் வந்தது. சாவியை ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்து, ‘சான்றுப் பொருள்’ என்று எழுதி, வக்கீலிடம் கொடுத்துவிட்டு வந்தார். பூட்டுச் சாவியை எந்த நீதிமன்றமும் கேட்காது என்று வக்கீல் சொல்லிப் பார்த்தார். இருக்கட்டும் என்றார் செக்ஷன். வக்கீல் அதை வழக்குக் கட்டுக்குள் சொருகிக்கொண்டார். சட்டம் தெரிந்த கட்சிக்காரரோடு வாதாடுவதைவிட எதிர்க்கட்சி வக்கீலோடு வாதாடுவது சுலபம் என்பது அவருடைய அனுபவம்.

வழக்கு நடந்தது. வழக்குகளுக்கு நடை மட்டும்தான் தெரியும், ஓட்டம் தெரியாது. நீதிபதி மாறினார். எதிர்க்கட்சிக்கு உடம்பு சரியில்லை, எதிர்க்கட்சி வக்கீலின் உறவினருக்கு உடம்பு சரியில்லை, ஒரு தவணையில் நீதிமன்ற மின்விசிறிக்கே உடம்பு சரியில்லை. ஒரு வழியாக, இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஓர் ஆணையரை அனுப்பியது. இளம் வக்கீல், கறுப்புக் கோட்டு, புது ஷூ. அளவையர் நாடாவைப் பிடிக்க, ஆணையர், முகத்தில் நாட்டையே அளக்கிற கம்பீரத்தோடு எழுதிக்கொண்டார். மதில் உள்ளே வந்திருப்பது நாடாவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பின்னறை ஜன்னலிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

“தம்பி, எல்லாம் அளந்துட்டீங்களா? இந்த நாற்காலியையும் ஒரு தடவை அளந்துடுங்க.”

அது தனக்கிட்ட உத்தரவில் இல்லை என்று ஆணையர் மரியாதையாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். “சரி, உத்தரவு போட்டவங்க கண்ணுல அது படல” என்றாள். பிறகு அவர் ஷூ நன்றாக இருக்கிறது என்றாள். எங்கே வாங்கினார் என்று கேட்டு, அவர் சொன்ன கடையில் தெரிந்தவர் யாராவது உண்டா என்று யோசிக்க ஆரம்பித்தாள். இணைப்பு கிடைக்கவில்லை. வெகுநாளாகத் தெருச் செய்தி எதுவும் அவளுக்கு வரவில்லை.

அதன் பிறகு மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது. சாவியைப் பற்றிக் கேட்பதும் நின்றுபோனது. அது அவருக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. மத்தியானத்தில் தலைவாரிவிடச் சொல்வதையும் நிறுத்தியபோதுதான் பயந்தார். வகிடு கோணலாக எடுத்துப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மழைக் காலத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஒரு காலை, அவர் வெந்நீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். ஜன்னல் பக்கம் முகம் திரும்பியிருந்தது. ஜன்னலுக்கு நேரே அந்தக் கேட்.

மகள் வந்தாள். தெரு வந்தது. தக்காளிக்காரர் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு வந்து நின்றார். எடுத்துப் போகும் வண்டி வாசலில் நின்றது. ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவந்த ஆட்கள் சமையலறைத் திருப்பத்தைப் பார்த்தார்கள். நடையில் போய் மதில் புடைத்த இடத்தையும் பார்த்தார்கள். திரும்பி வந்து, கட்டி நிமிர்த்தினால்தான் படியேற்ற முடியும் என்று அவர்களில் ஒருவர் மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மூட்டை என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அது அறையில் நின்றது.

செக்ஷன் எழுந்தார். பின்னறையைத் தாண்டிக் கேட்டருகே போய், பூட்டைக் கையில் எடுத்தார். சாவி இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அது ஊரின் இன்னொரு மூலையில், வக்கீலின் அலமாரியில், அரக்கு முத்திரையோடு பத்திரமாக இருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் டைல்ஸ்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அந்தக் கேட்டைப் பூட்டியதிலிருந்து இருவரும் பேசியதில்லை.

“சுத்தியல் இருக்கா?” என்றார் செக்ஷன்.

டைல்ஸ்காரர் கொண்டுவந்து கேட்டுக்கு மேலே நீட்டினார். “நான் அடிக்கட்டுமா சார்?”

“வேண்டாம். பூட்டு என்னோடது.”

நல்ல பூட்டு, சீக்கிரம் உடையவில்லை. ஒவ்வோர் அடிக்கும் மதில் அதிர்ந்தது, உள்ளே யாரோ விசும்பினார்கள். அவர் அழாமல், கோணாமல், ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தார். உடைந்ததும் சுத்தியலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

டைல்ஸ்காரர் வீட்டம்மா காரை எப்போதோ வெளியே எடுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். வழி முழுக்கக் கூட்டி விட்டிருந்தாள். அகலமான, வழவழப்பான வழி. கடையின் நல்ல டைல்ஸ். செக்ஷனின் மனைவியை நேராகப் படுக்க வைத்தபடியே, யாரும் சாய்க்காமல், யாரும் மூச்சுத் திணறாமல் கொண்டுபோனார்கள். சளி பிடித்த சிங்கத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தாள். வெகு காலத்துக்குப் பிறகு, தெரு முழுக்க அவளைப் பார்த்தது.

வழக்கு அதற்கெல்லாம் நிற்கவில்லை. அவரைக் கூண்டில் ஏற்றும் நாள் வந்தது. எதிர்க்கட்சி வக்கீல், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, அவர் பல வருஷமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வியையே கேட்டார். உங்கள் மனைவி இறந்த அன்று, பிரதிவாதியின் அனுமதியோடுதான் அந்தக் கேட் வழியாகப் போனீர்கள், சரியா?

இதற்கான பதிலைச் செக்ஷன் எப்போதோ தயாரித்து வைத்திருந்தார். ‘அனுமதியாக அல்ல, உரிமையாக’ என்று தொடங்கும் நீண்ட பதில். அதை அவர் சொல்லவில்லை.

“ஆமாங்க. அவங்க அனுமதியோடதான். அவங்க கொடுத்தாங்க. நான்தான் ரொம்ப லேட்டா வாங்கிக்கிட்டேன்.”

நீதிபதி தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு, கேள்விக்குத் தேவையான அளவு மட்டும் பதிவு செய்யச் சொன்னார்.

தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஆணையர் அறிக்கையில் எல்லை தெளிவாக இருக்கிறது. மதிலை இடித்து இடத்தை ஒப்படைக்க வேண்டும். நகலை வாங்கி நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றபடியே படித்தார். ஒரு பத்தியில் கேட்டைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. வாதி தன் மனைவியின் உடலைக் கொண்டுசெல்ல அந்த வழியைப் பயன்படுத்தியது அவருடைய நில உரிமையை எவ்விதத்திலும் பாதிக்காது. அவர் எழுதிய எந்த வாக்கியத்தையும்விடச் சின்ன வாக்கியம்.

“அப்போ முன்னாடியே அந்த வழியா போயிருந்தா?” என்று வக்கீலைக் கேட்டார்.

வக்கீல் அடுத்த வழக்குக்குக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். “ஒண்ணும் ஆயிருக்காது சார். சந்தேகமா இருந்தா ‘எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி இந்த வழியைப் பயன்படுத்துகிறோம்’னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டு தினம் போயிட்டு வந்திருக்கலாம். நீங்க எழுதாத வார்த்தையா?” பிறகு, இயல்பாக, “நீங்க ஒரு தடவைகூட என்கிட்ட கேக்கலையே” என்றார்.

அவர் எழுதாத வார்த்தையில்லை. சர்வீஸ் முழுக்க எழுதியிருக்கிறார். சண்டை போடும் சகோதரர்களுக்கு, கிணற்றைப் பங்கு போட்டவர்களுக்கு, விட்டுக்கொடுக்கவும் வேண்டும் இழக்கவும் கூடாது என்று வந்து நின்ற எத்தனையோ பேருக்கு, யோசிக்காமலே அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். வக்கீலிடம் போய், என் மனைவி இந்த வழியாகப் போகலாமா என்று கேட்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சட்டத்தில் தனக்குத் தெரியாதது இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. தெரிந்த அந்த ஒரு வரி தன் வீட்டுக்கும் ஆகும் என்றும் நினைக்கவில்லை.

மதிலை இடிக்கும் நாளில், ஒப்படைப்பைப் பார்க்க நீதிமன்ற ஊழியர் வந்திருந்தார். மாடிப்படிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து உடைத்துக்கொண்டு வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கையை நிறுத்தியபோது சுவர் முழுக்கத் தரையில் கிடந்தது. கேட்டை மட்டும் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவே அது தனியாக நின்றது. இந்தப் பக்கம் சுவரில்லை, அந்தப் பக்கமும் சுவரில்லை. நடை பழைய அகலத்துக்கு விரிந்து கிடந்தது. இடத்தைப் பெற்றுக்கொண்டதாக ஊழியர் கையெழுத்துக் கேட்டார். போட்டுக் கொடுத்தார்.

பிறகு கேட்டருகே போய் நின்றார். சுற்றிக்கொண்டு எந்தப் பக்கமாகவும் போயிருக்கலாம்; அவர் நின்றுகொண்டிருந்ததே சட்டப்படி அவருடைய இடம். டைல்ஸ்காரர் வீட்டம்மா உள்ளே சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“இந்த வழியாப் போயிட்டு மட்டும் வர்றேன்மா” என்றார். “வரலாமா?”

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, சுவரில்லாத கேட்டின் தாழ்ப்பாளை நீக்கி, முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டாள்.